பொருந்தும், ஆனால் ஓடுமா? முதல் கம்ப்யூட்டருக்குப் பாகம் தேர்ந்தெடுத்த நாட்குறிப்பு

மார்ச் 2, 2025

சொந்தமாக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணுவது என்று முடிவாகிவிட்டது. வீடியோ எடிட்டிங், புரோகிராமிங், நேரம் கிடைத்தால் கேம், இவ்வளவுதான் தேவை. கிராஃபிக்ஸ் கார்டை முதலில் முடிவு செய் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள், பிராசசரை முதலில் என்று மீதிப் பேர். எனக்கென்னவோ சாக்கெட்டில், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடத்தில், ஆரம்பிப்பதுதான் சரி என்று படுகிறது. எந்த மதர்போர்டு, எந்த ரேம், பின்னால் எதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன.

மார்ச் 4

இன்டெல்லில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறையும் எல்ஜிஏ1700 சாக்கெட். அடுத்து வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851, அதனால் பழைய போர்டில் அது உட்காராது. இன்னொரு பிராசசர் கம்பெனியான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது, 2027 வரையாவது அதைக் கைவிடமாட்டோம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சில வருடம் கழித்து பிராசசரை மட்டும் மாற்றும் எண்ணம் இருப்பதால் ஏஎம்5, அதில் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட், கூலரும் பெட்டியிலேயே வருகிறது.

7500எஃப் என்று ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட இதேதான், ஆனால் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது. அதைத் தவிர்த்தேன். கார்டு வரத் தாமதமானாலோ பழுதானாலோ மானிட்டரில் ஏதாவது தெரிய வேண்டாமா? இன்டெல்லிலும் பெயர்க் கடைசியில் எஃப் இருந்தால் இதே கதைதான்.

மார்ச் 5

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. சாக்கெட் ஒன்றாக இருந்தாலே போதும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். ரைசன் 9000 வரிசை 2024 ஆகஸ்டில் வந்தது, அதற்கான ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650 வகை போர்டுகள் 2022-லேயே வந்துவிட்டன. நீண்ட நாள் ஸ்டாக்கில் கிடந்த போர்டில் 9000 பிராசசர் அழகாக உட்காரும், ஆனால் போர்டில் இருக்கும் பழைய பயாஸுக்கு (கம்ப்யூட்டரை முதலில் கிளப்பிவிடும் மென்பொருள்) அதை அடையாளம் தெரியாது, திரையில் ஒன்றும் வராது. பயாஸை அப்டேட் செய்யலாமென்றால் கம்ப்யூட்டர் ஓட வேண்டும், அது ஓட பயாஸ் அப்டேட் ஆக வேண்டும்! இதற்காகவே சில போர்டுகளில் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறது. பிராசசரே இல்லாமல், பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, பவர் கொடுத்து பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. இப்போது எனக்கு அது தேவையில்லை, ஆனால் பின்னால் பிராசசர் மாற்றும்போது உதவும். அந்தப் பட்டன் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவிலான பி650 போர்டைக் குறித்துவைத்தேன்.

மார்ச் 8

ரேம். இதற்கு ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது, போனதில் வருத்தமில்லை.

ஏஎம்5 என்றாலே டிடிஆர்5 ரேம் மட்டும்தான். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின், நீளமும் ஒன்றே, ஆனால் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று இறங்கவே இறங்காது. இறங்காவிட்டால் அழுத்தக் கூடாது, அவ்வளவுதான். எல்ஜிஏ1700 போர்டு வாங்குகிறவர்கள்தான் இங்கே கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

அப்புறம் வேகம். 6000 என்று போட்டிருக்கும் ரேமை மாட்டினால் உடனே 6000-ல் ஓடாது, பெரும்பாலும் 4800-ல்தான் கிளம்பும். பயாஸுக்குள் போய் எக்ஸ்போ புரொஃபைலை, அதாவது ரேமிலேயே பதிந்திருக்கும் வேக அமைப்பை, ஆன் செய்ய வேண்டும். இதைச் செய்யாமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் நிறைய.

நாலு ஸ்லாட் இருக்கிறதே, நாலு 8 ஜிபி போடலாமே என்று தோன்றும். ஏஎம்டியின் சொந்தக் கணக்கில் 7600-க்கு இரண்டு ரேம் குச்சி என்றால் வேகம் 5200, நாலு என்றால் 3600. அதற்கு மேல் ஓடினால் நம் அதிர்ஷ்டம். எனவே இரண்டு 16 ஜிபி, பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். போர்டு கம்பெனி தன் தளத்தில் சோதித்த ரேம்களின் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் இல்லாததும் ஓடலாம், ஆனால் இருப்பதை வாங்கினால் ஒரு சந்தேகம் குறையும்.

மார்ச் 11

கேபினெட். இங்கே எல்லாம் மில்லிமீட்டர்தான். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244-க்கு 244, அதில் சிக்கல் வராது. கிராஃபிக்ஸ் கார்டுதான் ஆளை ஏமாற்றுகிறது. நான் பார்த்துவைத்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060-ஐயே எடுத்துக்கொண்டால், இரண்டு விசிறி மாடல் ஒன்று 240 மி.மீ. பக்கம், மூன்று விசிறி மாடல்கள் 280, 300 என்று போகின்றன. கேபினெட் விளம்பரத்தில் போடும் அதிகபட்ச நீளம் பெரும்பாலும் முன்னால் வாட்டர் கூலிங் ரேடியேட்டர் எதுவும் இல்லாதபோது எடுத்த அளவு. 27 மி.மீ. ரேடியேட்டர், 25 மி.மீ. விசிறி மாட்டினால் 52 மி.மீ. காலி. நான் வாட்டர் கூலிங் பக்கமே போகவில்லை.

மார்ச் 13

எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. நண்பனிடம் பட்டியலைக் காட்டினேன். "எதுக்கும் 850 வாட் போட்டுடுடா, பின்னாடி உதவும்" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பிராசசர் முழு வேகத்தில் 88 வாட், கார்டு 115, மற்றதெல்லாம் சேர்த்து 60 என்று தாராளமாக வைத்தாலும் 263. என்விடியாவே இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும் என்கிறது. அடுத்த கார்டையும் மனதில் வைத்து 650, அதற்கு மேல் வேண்டாம். 80 பிளஸ் கோல்டு என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் போகிறது என்பதற்கான முத்திரை, உள்ளே இருக்கும் சரக்கின் தரத்துக்கு அல்ல, அதற்குத் தனியாக விமர்சனங்களைத்தான் படிக்க வேண்டும்.

கேபிள் விஷயம் அதைவிட முக்கியம். பிராசசருக்குப் போகும் 8 பின் நாலும் நாலுமாகப் பிரியும், கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாகப் பிரியும், இரண்டும் வேறு வேறு. கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் சொருகவே கூடாது. பிளக் கச்சிதமாகப் பொருந்தலாம், உள்ளே வயர் வரிசை மாறியிருந்தால் டிஸ்க், போர்டு எல்லாம் போய்விடும். நண்பன் தன் பழைய கேபிள்களைத் தருகிறேன் என்றான், நன்றி சொல்லி மறுத்துவிட்டேன்.

மார்ச் 16

எஸ்எஸ்டி சீக்கிரம் முடிந்தது. எம்.2 (போர்டிலேயே நேராகச் சொருகும் வடிவம்), 2280 அளவு (22-க்கு 80 மி.மீ.), என்விஎம்இ (வேகமான வகை). எம்.2 வடிவத்திலேயே பழைய, மெதுவான சாட்டா வகை எஸ்எஸ்டியும் வருகிறது, அதைப் பார்த்து ஒதுக்க வேண்டும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-வில் டிஸ்க் போட்டால் சில சாட்டா போர்ட்டுகள் செத்துவிடும், மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கும். கேபினெட் முன்பக்கத்து டைப்-சி போர்ட்டுக்கு போர்டில் தனி ஹெடர் (கேபிள் சொருகும் இடம்) வேண்டும், என் போர்டில் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

மார்ச் 18

ஆர்டர் போட்டாயிற்று. கார்டு மட்டும் கடைசியில் வரும், பரவாயில்லை. கேபினெட்டில் பூட்டுவதற்கு முன்பே போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி, போர்டின் ஹெச்டிஎம்ஐ வழியாக ஓட்டிப் பார்க்கப் போகிறேன். பழுது ஏதும் இருந்தால் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் தெரிந்துவிடும். டிடிஆர்5 முதல் முறை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடம்கூட எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அதற்குள் யாரும் பவர் பட்டனை அமுக்கிவிடக் கூடாது, முக்கியமாக நான்.