ஷோல் லேக் தண்ணீரும் வின்னிபெக் நகரின் பொறுப்பும்

நகராட்சிகளும் பூர்வகுடிச் சமூகங்களும் கூட்டாளிகளாக இயங்க வேண்டும் என்ற பேச்சு கனடாவில் இன்று பரவலாகக் கேட்கிறது. பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் தன் 94 பரிந்துரைகளை வெளியிட்ட பின் பல நகரங்கள் இதற்கென முயற்சி எடுத்தன. மனிடோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக் மாநகரமும் 2017இல் பூர்வகுடி உடன்படிக்கை ஒன்றைத் தொடங்கியது. அவற்றின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கூட்டுறவு எவ்வளவு உண்மையானது என்பதை அறிய விரும்புகிறவர், வின்னிபெக்கின் வீட்டுக் குழாய்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அது மனிடோபா, ஒன்ராறியோ மாகாணங்களின் எல்லையில் உள்ள ஷோல் ஏரியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 155 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழி, நிலத்தின் இயற்கையான சரிவையே நம்பி அந்நீரை 1919 முதல் நகருக்குக் கொண்டுசேர்க்கிறது. அன்றைய பொறியியலின் அரிய சாதனை அது என்பதில் ஐயமில்லை. ஆனால் நீர் எடுக்கும் இடம், ஷோல் லேக் 40 என்ற அனிஷினாபே பூர்வகுடிச் சமூகத்துக்கென அரசு ஒதுக்கிய நிலத்தில் இருந்தது. அதற்காக 3,000 ஏக்கருக்கும் அதிகமான நிலம் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. பின்னர், சதுப்புநிலத்துப் பழுப்பு நீர் நகரின் குடிநீரில் கலக்காதிருக்கக் கரையும் கால்வாயும் அமைக்கப்பட்டபோது, அம்மக்கள் வாழ்ந்த தீபகற்பம் தரையிலிருந்து துண்டிக்கப்பட்டுத் தீவாகிவிட்டது.

அதற்குப் பின் அவர்கள் வெளியுலகை அடையக் கோடையில் படகையும், குளிர்காலத்தில் உறைந்த ஏரியையும் நம்ப வேண்டியிருந்தது. பனி முழுதாக உறையாத, முழுதாக உருகாத இடைப்பட்ட வாரங்கள்தான் கொடியவை. மெல்லிய பனி உடைந்து உயிரிழந்தவர்கள் உண்டு. இதைவிட மனத்தை உறுத்துவது, 1997 முதல் அந்தச் சமூகம் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையின் கீழ் வாழ்ந்தது என்பது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட நகரவாசிகளுக்குத் தூய நீரைத் தந்த அதே ஏரியின் கரையில், சில நூறு பேர் புட்டிகளில் அடைத்து வந்த நீரைக் குடித்தார்கள்.

இந்நிலை இத்தனை காலம் நீடித்ததற்குக் காரணம் சட்ட அமைப்பிலும் இருக்கிறது. பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்கள் கூட்டாட்சி அரசின் அதிகாரத்துக்குட்பட்டவை. நகராட்சிகளோ மாகாணச் சட்டத்தால் உருவானவை. ஆகவே ஒவ்வொரு மட்டமும் அடுத்த மட்டத்தைச் சுட்டிக்காட்ட முடிந்தது. 1989இல் மனிடோபா மாகாணம், வின்னிபெக் மாநகரம், ஷோல் லேக் 40 ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் ஏரி நீரின் தூய்மையைக் காப்பதற்காகத் தம் நிலத்தில் வளர்ச்சிப் பணிகளைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டிய சுமை பூர்வகுடிகள் மீதே விழுந்தது. மேல்மடைக்காரர் கட்டுப்பட்டு நடக்க, கடைமடைக்காரர் மட்டும் பலன் பெறும் ஏற்பாட்டைக் கூட்டுறவு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மாற்றம் சாலையிலிருந்து தொடங்கியது. சாலை இல்லாததால் கட்டுமானப் பொருள்களைக் கொண்டுசெல்லும் செலவு கூடியது. செலவு கூடியதால் சுத்திகரிப்பு நிலையம் தள்ளிப்போனது. சமூகம் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பின்னர், மூன்று அரசு மட்டங்களும் பணம் பகிர்ந்து, டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையுடன் இணையும் 24 கிலோமீட்டர்ச் சாலை 2019இல் திறக்கப்பட்டது. அதற்கு 'விடுதலைச் சாலை' என்று பெயர். இரண்டே ஆண்டுகளில், 2021 செப்டம்பரில், சுத்திகரிப்பு நிலையமும் இயங்கத் தொடங்க, எச்சரிக்கை நீக்கப்பட்டது. செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வந்ததும் தடை எவ்வளவு விரைவாக அகன்றது என்பதை எண்ணும்போது, முந்தைய தலைமுறைகள் இழந்தவை இன்னும் கனமாகத் தெரிகின்றன.

என் பார்வையில், இனிமேல் எழுதப்படும் எந்த உடன்படிக்கையிலும் இரண்டு விதிகள் இடம்பெற வேண்டும். ஏரியைக் காப்பதற்காக அச்சமூகம் கைவிடும் ஒவ்வொரு வாய்ப்புக்கும் நகரம் ஆண்டுதோறும் ஈடு தர வேண்டும். நகரவாசிகள் கட்டும் குடிநீர்க் கட்டணத்திலேயே அதற்கான பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். இவற்றோடு, அதே ஏரிக்கரையில் வாழும் அண்டைச் சமூகமான இஸ்கட்டேவிசாகேகன் 39-உம் அந்த உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தையில் முதல் நாளிலிருந்தே இடம்பெற வேண்டும்.