சர்ஃப்போர்டில் ஃபின் ஒட்டிய கதை: மூன்று ஃபின், நான்கு தடவை

போன தடவை பலகையைச் செதுக்கி, ஃபைபர்கிளாஸ் துணி போர்த்தி, ஹாட் கோட் என்கிற ரெசின் (திரவப் பிசின்) மேல்பூச்சு ஊற்றியதோடு நிறுத்தியிருந்தேன். மிச்சம் பலகையின் அடியில் மீன் துடுப்புபோல நிற்கும் ஃபின் மட்டும்தான், ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் இழுத்துவிட்டது. அதிலும் ஒரு ஃபினை இரண்டு முறை ஒட்ட வேண்டியதாயிற்று.

இப்போது கடைகளில் வரும் பலகைகளில் பெரும்பாலும் கழற்றி மாட்டும் ஃபின்தான். எஃப்சிஎஸ், ஃப்யூச்சர்ஸ் என்று கம்பெனிக்கொரு பெட்டி, ஒரு குட்டி ஸ்குரூ, ஒரு ஆலன் கீ. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி பதிக்க ரவுட்டர் என்கிற குழி வெட்டும் மெஷின் வைத்துப் பலகையின் உள்ளே இருக்கும் ஃபோமில் குழி வெட்ட வேண்டும். என்னிடம் ரவுட்டர் இல்லை, இருந்தாலும் ஒரு மாதம் தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய பலகையில் குழி போட மனசு வந்திருக்காது. அதனால் ரெசினும் துணியும் வைத்து நிரந்தரமாக ஒட்டும் பழைய முறைக்குப் போனேன். ஒட்டினால் ஒட்டியதுதான், மாற்ற முடியாது, வண்டியில் ஏற்றும்போது எங்காவது இடித்தால் அடியோடு பெயர்ந்துவிடும் என்பதெல்லாம் தெரிந்துதான் இறங்கினேன்.

அந்தக் காலத்துப் பலகைகளில் ஃபினே கிடையாது, காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் திருப்பியிருக்கிறார்கள். 1935-இல் டாம் பிளேக் என்பவர், கைவிடப்பட்ட ஒரு வேகப்படகின் அடித்தண்டை எடுத்துத் தன் பலகையில் பொருத்திப் பார்த்தார். அங்கிருந்து தொடங்கி, 1980-இல் ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்று கிட்டத்தட்ட ஒரே அளவில் மூன்று ஃபின் வைக்கும் 'த்ரஸ்டர்' வரை வந்து, இன்றைக்கும் பெரும்பாலான சின்னப் பலகைகள் அங்கேயேதான் நிற்கின்றன. நானும் அதையேதான் எடுத்துக்கொண்டேன். முதல் பலகையில் புதுமை செய்து பார்க்கும் அளவுக்குத் தைரியம் இல்லை.

முதல் வாரம் முழுக்க அளவுதான். பின்னால் நடுவில் இருக்கும் ஃபினின் கடைசி முனை டெயிலிலிருந்து (பலகையின் வால் பக்கம்) மூன்றரை அங்குலம். முன் ஃபின்கள் இரண்டின் கடைசி முனை டெயிலிலிருந்து 11 அங்குலம், பக்கத்து ரெயிலிலிருந்து (பலகையின் பக்க ஓரம்) ஒன்றேகால் அங்குலம் உள்ளே. முன் ஃபின்களின் முன்முனை பலகையின் நடுவே நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர் என்கிற மரத்துண்டை நோக்கிக் கொஞ்சம் உள்வாங்கியிருக்க வேண்டும், நாலரை அங்குல நீள அடிப்பக்கத்துக்குக் கால் அங்குலம், இதைத்தான் டோ என்கிறார்கள். அது போக இரண்டும் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், அது கேன்ட், நான் 6 டிகிரி வைத்தேன். ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும், பெரிய வித்தியாசம் இருக்காது.

எண்களைத் தாளில் எழுதுவது சுலபம், பலகையில் குறிக்கும்போதுதான் அது கோணல் என்பது தெரிய வருகிறது. டெயிலின் இரண்டு மூலையிலிருந்தும் 11 அங்குலம் அளந்து பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, சும்மா ஒரு சந்தேகத்துக்காக நோஸ் (பலகையின் முன்பக்க) நுனியில் ஒரு நூலைக் கட்டி இரண்டு புள்ளிகளுக்கும் இழுத்துப் பார்த்தேன். 4 மில்லிமீட்டர் வித்தியாசம்! டெயிலைத் தேய்க்கும்போது வலது மூலையைக் கூடுதலாகத் தேய்த்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை, நூலுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் மூலைகளை நம்பவில்லை. எல்லா அளவையும் ஸ்ட்ரிங்கர் மேலேயே எடுத்து, அங்கிருந்து மூலைமட்டம் வைத்துக் குறுக்கே கோடு போட்டேன். பலகையில் நேராக இருப்பது அந்த ஒரு மரத்துண்டு மட்டும்தான்.

ஃபின்கள் ஏற்கெனவே தயார். ஃபைபர்கிளாஸ் தகட்டிலிருந்து அறுத்துத் தேய்த்தவை. நடு ஃபின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவு. பக்க ஃபின்கள் உள்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் லேசாகத் தொப்பை போட்டிருக்கும். மறந்துவிடக் கூடாது என்று 'இடது', 'வலது' என டேப்பில் எழுதி ஒட்டியிருந்தேன். அங்கேயும் கோட்டை விட்டேன். ஃபின் ஒட்டும்போது பலகை குப்புறக் கிடக்கிறது, டெயில் பக்கம் நின்று பார்த்தால் பலகையின் இடது என் வலது கையில் இருக்கிறது. டேப்பில் பலகை நிமிர்ந்து கிடக்கும் கணக்கில் எழுதிவிட்டு, ஃபினை நிறுத்தும்போது குப்புறக் கிடக்கும் கணக்கில் இடம் பார்த்துவிட்டேன். ரெசின் கலப்பதற்கு முன் சும்மா நிறுத்திப் பார்த்ததில் தொப்பை இரண்டும் ஸ்ட்ரிங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தன. டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு, தட்டைப் பக்கம் ஸ்ட்ரிங்கரைப் பார்க்க வேண்டும், சாய்வு பின்னால் போக வேண்டும் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஃபினின் அடிப்பக்கம் நேர்கோடு, ஆனால் பலகையின் அடிப்பக்கம் நீளவாக்கில் வளைவு. நிறுத்தினால் நடுவில் தொட்டுக்கொண்டு இரண்டு முனையும் லேசாகத் தூக்கி நிற்கும், ஒரு நாற்காலிக் கால் குட்டையானதுபோல ஆடும். இதற்குச் செய்தது இதுதான்: ஃபின் உட்காரப்போகும் அதே இடத்தில் உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி விரித்து டேப் போட்டு, ஃபினை அதன் மேல் நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்னதாகத் தேய்த்தேன். பலகையின் வளைவு அப்படியே ஃபினின் அடிக்கு வந்துவிடுகிறது. பத்து நிமிடம் தேய்த்ததும் ஆட்டம் நின்றது. ஃபினை விட்டால் தானாக நிற்கிறது. இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடம் அது.

அப்புறம் ஃபின் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒன்றரை அங்குலத்துக்கு 80-ஆம் எண் உப்புத்தாள் போட்டு, பளபளப்பு முழுசாகப் போகும்வரை தேய்த்தேன். ஹாட் கோட் ரெசினில் மெழுகு இருக்கும், காயும்போது அது மேலே வந்து படலமாக நிற்கும், அதனால்தான் அது பிசுபிசுப்பில்லாமல் காய்கிறது. அதே மெழுகு மேல் புது ரெசின் ஒட்டாது. எங்கே மினுக்குகிறதோ அங்கே பிடிப்பு இல்லை என்று அர்த்தம். அதே சமயம் கீழே இருக்கும் துணியின் நெசவை அறுத்துவிடவும் கூடாது.

இரண்டாவது வாரம், ரெசின். பாலியெஸ்டர் ரெசின், அதைக் கெட்டியாக்க எம்இகேபி கேட்டலிஸ்ட், 100 மில்லிக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லி. இந்த எம்இகேபி கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். அசிட்டோனுக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது, இரண்டும் கலந்தால் ஆபத்து. முகத்துக்கு ஆவி வடிகட்டும் மாஸ்க், சாதாரணத் துணி மாஸ்க் உதவாது.

பதற்றத்தில் மூன்று ஃபினுக்கும் சேர்த்து ஒரே கோப்பையில் 200 மில்லி கலந்தேன், அதுவும் சீக்கிரம் இறுகட்டும் என்று கேட்டலிஸ்டைத் தாராளமாக விட்டு. நடு ஃபினை வைத்து, வலது ஃபினையும் வைத்து நிமிர்வதற்குள் கோப்பை கையில் சுட்டது. கொஞ்ச நேரத்தில் ரெசின் கட்டியாகி, வெடிப்பு விட்டு, புகைய ஆரம்பித்துவிட்டது. குறுகலான பாத்திரத்தில் மொத்தமாக இருந்தால் அதன் சூடு அதற்குள்ளேயே ஏறிக்கொண்டு போகும். கோப்பையை வெளியே மண்ணில் வைத்துவிட்டு வந்தேன். அடியில் வைத்து நிறுத்த ஒரு ஃபினுக்கு ஒரு தேக்கரண்டி ரெசின்கூடத் தேவைப்படாது என்று அப்புறம்தான் உறைத்தது.

சூடு கண்ட பூனை கதைதான். இடது ஃபினுக்கு 20 மில்லி மட்டும் எடுத்து, கேட்டலிஸ்டைப் பயந்து பயந்து சொட்டுச் சொட்டாக விட்டேன், குறைவாகப் போய்விட்டது. கூடாரத்துக்குக் கயிறு கட்டுவதுபோல ஃபின் நுனியிலிருந்து இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் இழுத்து ஒட்டி, பாகைமானி வைத்துப் பார்த்து, 6 டிகிரி சரியாக இருக்கிறது என்று சாப்பிடப் போனேன். ரெசின் இறுகாமல் கிடந்த நேரமெல்லாம் ஒரு பக்க டேப் மெதுவாக இளகிக்கொண்டே வந்திருக்கிறது. சாயங்காலம் தங்கை வந்து டெயில் பக்கம் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தப் பக்கம் இருக்கிறது மட்டும் தூங்கி விழுதே" என்றாள். அளந்தேன். 11 டிகிரி. அதற்குள் கல்லாக இறுகிவிட்டது.

வெறும் ஹேக்ஸா பிளேடைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, பலகையில் கீறல் விழாமல் அடியோடு அறுத்தேன். நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது, பாதி அறுத்ததுமே டக் என்று விட்டுவிட்டது. எரிச்சலில் இருந்தவன் அங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். உள்ளே இழை எதுவும் இல்லாத வெறும் ரெசின் இவ்வளவுதான் தாங்கும். கல் மாதிரி இருக்கும், பிஸ்கட் மாதிரி உடையும்.

மறுபடி நிறுத்துவதற்கு முன் இன்னொரு தப்பும் மாட்டியது. அதுவரை கேன்ட்டை ஃபினுக்கு அடியில் இருக்கும் பரப்பிலிருந்துதான் அளந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் என் பலகை லேசாகக் குழிவு, அந்தக் குழிவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, இடப்பக்கம் ரெயிலை நோக்கிக் கூடுதலாக ஏறுகிறது. ஆக பாகைமானி இரண்டு பக்கமும் 6 காட்டினாலும் நிஜத்தில் இடது ஃபின் வலதைவிட 2 டிகிரி நிமிர்ந்து நிற்கும். ஒரு நேரான மரச்சட்டத்தை இரண்டு ரெயிலையும் தொடும்படி குறுக்கே வைத்து, அதிலிருந்து அளந்ததும் பிரச்சினை தீர்ந்தது. நாலரை அங்குல உயரமுள்ள ஃபினுக்கு 6 டிகிரி என்றால் நுனி சுமார் 12 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்க வேண்டும். எனக்கு டிகிரியைவிட இந்த 12 மில்லிமீட்டர்தான் கைக்கு வந்தது. கெட்டி அட்டையில் அந்தச் சாய்வுக்கு ஒரு தாங்கி வெட்டி, ஃபினை அதில் சாய்த்து, 20 மில்லி ரெசினுக்கு 0.4 மில்லி கேட்டலிஸ்ட் சிரிஞ்சில் அளந்து விட்டு, இறுகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு அப்புறம்.

மூன்றாவது வாரம்தான் உண்மையான ஒட்டல். ஃபின் அலையில் திரும்பும்போது முழு விசையும் அதன் அடியில்தான் நெம்பும். அந்த மூலையை நிரப்ப ரோவிங் என்கிற முறுக்கில்லாத ஃபைபர்கிளாஸ் கயிறு. ஒவ்வொரு துண்டையும் ரெசினில் ஊறப்போட்டு, கையுறை போட்ட இரண்டு விரலுக்கு நடுவே வழித்து, ஃபினின் அடியைச் சுற்றி முன்முனையிலிருந்து பின்முனை வரை படுக்க வைத்து, ஆள்காட்டி விரலால் ஒரே இழுப்பாக இழுத்தால் மூலை அழகாகக் குழிந்து உட்காருகிறது. கயிறு வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் காற்று இருக்கிறது. நன்றாக ஊறினால் கண்ணாடிபோல மறைந்தே போகும். அதன் மேல் ஒவ்வொரு பக்கமும் மூன்று துணி, ஃபினையும் மூடி பலகையிலும் ஒன்று ஒன்றரை அங்குலம் படரும்படி. மூன்றின் ஓரமும் ஒரே இடத்தில் முடியக் கூடாது, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் சின்னதாக இருந்தால் பிறகு தேய்க்கும்போது படி தெரியாது.

துணி ஃபினின் ஓரத்தைத் தாண்டிச் சிறகுபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஈரத்தில் வெட்டினால் இழை இழுத்துக்கொண்டு வரும், காய்ந்த பிறகு அரம் போட்டால் பாதி நாள் போய்விடும். நடுவில் ஒரு நேரம் இருக்கிறது, ரெசின் ரப்பர் மாதிரி ஆகி, நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மெதுவாக மறையும். அப்போது புது பிளேடு வைத்தால் பாலாடைக்கட்டி வெட்டுவதுபோலப் போகிறது. நடு ஃபினில் அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்தேன். வலதில் விட்டுவிட்டு அரம் போட்டேன். இடதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவசரப்பட்டு வெட்டி, பின்முனை அடியிலிருந்த ரோவிங்கையும் சேர்த்து இழுத்துவிட்டேன். அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் ரெசினை மட்டும் ஊற்றி நிரப்பி, தேய்த்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று விட்டேன்.

வலது ஃபினின் முன்முனையில் அரிசி அளவு காற்றுக்குமிழி. மெல்லிய துளை போட்டு, சிரிஞ்சில் ரெசினை இறக்கியதும் சரியாகிவிட்டது. மெழுகு கலந்த ரெசின் ஒரு கோட், 120-இல் ஆரம்பித்து 400 வரை உப்புத்தாள், முழுக்கை சட்டை போட்டும் இரண்டு நாள் அரிப்பு.

இதுவரை நான்கு முறை தண்ணீரில் இறக்கிவிட்டேன். பலகை நேராகப் போகிறது, இரண்டு பக்கமும் திரும்புகிறது. ஆள்தான் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. நேற்று கழுவி வைக்கும்போது விரலால் தடவிப் பார்த்ததில் இடது ஃபினின் பின்முனை அடியில் முடி அளவுக்கு ஒரு விரிசல். ஆமாம், அதே இடம், ரோவிங் இல்லாமல் ரெசின் மட்டும் ஊற்றிய இடம். துணி இன்னும் கிழியவில்லை. பலகையை நிழலில் காயவிட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை அந்த ரெசினைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டு இழை ரோவிங் வைத்து, மேலே ஒரு துணி போட வேண்டும். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.