பட்டினி கிடந்த நாய்க்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறியது எப்படி?

எங்கள் நாய் செல்லிக்கு உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்ததும் விசாரித்தவர்கள் எல்லாரும் பிளேட்லெட் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். கவலைப்பட வேண்டிய எண்கள்தான் அவை. ஆனால் எந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று டாக்டரம்மாவையும் எங்களையும் அதிகம் யோசிக்க வைத்தது, ரிப்போர்ட்டின் கடைசியில் இருந்த டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. இதைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஈறு வெளுத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போய், சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காமல் படுத்துவிட்டாள். காது நுனியில் ஊசியால் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி (ஸ்மியர்) மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சிவப்பணுக்களுக்குள் பொடிப்பொடியாக ஒட்டுண்ணிகள். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையின் முடிவு வந்ததும் பெயர் உறுதியானது: பேபீசியா கிப்சோனி. எங்கள் சென்னைக்கும் இந்தக் கிருமிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1910-இல் பேட்டன் என்ற ஆய்வாளர் இதை முதன்முதலாக விவரித்தது, மெட்ராஸ் ஹண்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களில் பார்த்துத்தான். அப்புறம் நரியின் ரத்தத்திலும் கண்டார்.

பி.சி.ஆருக்குச் செலவாகிறதே என்று தயங்க வேண்டாம். பேபீசியாவில் பெரிய வகை என்றால் இமிடோகார்ப் ஊசிக்கு நன்றாகக் கட்டுப்படும். கிப்சோனி சிறிய வகை, அந்த ஊசிக்கு முழுதாக அழியாது. மருந்தே வேறு.

சரி, கொழுப்புக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் நாய்க்கு டிரைகிளிசரைடு 150-க்குள் இருந்தால் நிம்மதி. செல்லிக்கு முந்நூறை நெருங்கியிருந்தது. கொலஸ்ட்ராலோ இருக்க வேண்டிய அளவின் அடிமட்டத்தில். சாப்பிட்ட உடனே ரத்தம் எடுத்தால் டிரைகிளிசரைடு ஏறித் தெரியும், 12 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பார்கள். இவள்தான் எதையுமே தொடவில்லையே! பட்டினி கிடக்கும் நாய்க்குக் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கிருமியை எதிர்த்து உடம்பு கொதிக்கும்போது, அந்த அழற்சியின் வேகத்தில் கல்லீரல் டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களை அதிகமாக ரத்தத்தில் விடுகிறது. அவற்றை உடைத்துத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் அனுப்ப வேண்டிய லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி அந்த நேரத்தில் மந்தமாகிவிடுகிறது. போதாததற்கு, சாப்பாடு இல்லாத உடம்பு தன் சேமிப்புக் கொழுப்பையும் கரைக்கிறது. வரவு கூடி, செலவு குறைந்தால் ரத்தத்தில் தேங்கத்தானே செய்யும்.

கொலஸ்ட்ரால் இறங்கியதற்குக் காரணம் வேறு. நாய்களின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைப் பெருமளவு சுமப்பது எச்.டி.எல்., அதாவது நாம் நல்ல கொழுப்பு என்கிறோமே அதுதான். அழற்சியில் எச்.டி.எல். சரியும்போது மொத்தக் கொலஸ்ட்ராலும் கூடவே இறங்கிவிடுகிறது. இன்னொன்றும் சொன்னார்: பேபீசியாவுக்குச் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் செய்துகொள்ளத் தெரியாது. பெருகுவதற்குத் தேவையானதை நாயின் ரத்தத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இது மனிதர்களுக்கு வருகிற மாதிரி மாரடைப்புப் பயம் இல்லை, நாய்களுக்கு ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது அரிது. பயம் கணையத்தின் மேல்தான். பேபீசியாவிலேயே கணைய அழற்சி வரலாம், டிரைகிளிசரைடு 500-க்கு மேல் போனால் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

இந்த இடத்தில்தான் சிக்கல். கிப்சோனிக்குக் கொடுப்பது அட்டோவகுவோனும் அசித்ரோமைசினும். அட்டோவகுவோன் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 10 நாள். அதைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். வெறும் தயிர்சாதத்தோடு கொடுத்தால் விலை உயர்ந்த மருந்து பாதிக்கு மேல் வீணாகிவிடலாம். அம்மாவுக்கு மனசே ஆறவில்லை. "ரத்தத்துலயே கொழுப்பு ஏறிக் கிடக்கு, இதுல மஞ்சக்கரு வேறயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் மருந்தைத் தொடங்கக் கூடாது என்று டாக்டரம்மாவும் முதலில் கணையத்துக்கான ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். இரண்டிலும் கோளாறு இல்லை. அதன் பிறகுதான், வேக வைத்த கோழியோடு கொஞ்சம் மஞ்சக்கரு, மருந்து வேளைக்கு மட்டும் என்று அளவு சொல்லிக் கொடுத்தார். வாந்தியோ, வயிற்றைத் தொட்டால் வலியோ தெரிந்தால் உடனே கூப்பிடச் சொன்னார். கணையத்தில் கோளாறு இருந்திருந்தால் வேறு வழிதான் யோசித்திருப்பார். அதனால் நீங்களாக நெய்யையோ வெண்ணெயையோ சேர்க்காதீர்கள், நீங்களாகக் கொழுப்பை நிறுத்தவும் செய்யாதீர்கள்.

அட்டோவகுவோன் மலேரியாவுக்கு மனிதர்கள் சாப்பிடும் மருந்து, தனியாகக் கிடைப்பது கஷ்டம். கடைகளில் பெரும்பாலும் புரோகுவானில் என்ற இன்னொரு மருந்தும் கலந்த மாத்திரையைத்தான் எடுத்து வைப்பார்கள். அந்தக் கலவை நாய்களின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. டாக்டரிடம் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

கொழுப்பைக் குறைக்க என்று தனி மருந்து எதுவும் தரவில்லை. நோய் அடங்கினால் தானாக இறங்கும் என்றார், அப்படித்தான் ஆனது. ஈறு சிவக்கத் தொடங்கி அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிக்கொண்டு வந்த சமயத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு பாதியாகியிருந்தது, கொலஸ்ட்ரால் ஏறியிருந்தது. நோய் முழுதாக அடங்கிய பிறகும் டிரைகிளிசரைடு இறங்காமல் நின்றால் தைராய்டு, சர்க்கரை என்று வேறு காரணம் தேட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த வேலை எங்களுக்கு வரவில்லை.

மருந்து முடிந்து 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் பி.சி.ஆர். எடுத்தோம். இரண்டிலும் கிருமி இல்லை. ஆனாலும் எங்கோ ஒளிந்திருக்க வாய்ப்புண்டு, ரத்தத்தின் வழியே இன்னொரு நாய்க்குப் போகலாம் என்பதால், செல்லி இனி எந்த நாய்க்கும் ரத்தம் கொடுக்கக் கூடாது என்று அவளுடைய அட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.