மைக்ரோகிராமில் நிற்காதீர்கள், மோலுக்கு மாற்றுங்கள்

சுற்றுச்சூழல் வேதியியல் தேர்வுக்குக் குளோரின் கரைப்பான்கள் பகுதியைப் படிப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். மாதிரித் தேர்வில் ஓர் ஆலை வளாகத்தின் கிணற்று அளவீடுகளைத் தந்திருந்தார்கள். தொடக்கத்தில், குளோரின் உள்ள கரைப்பானான டிரைகுளோரோஎத்திலீன் லிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம். சில ஆண்டுகள் கழித்து அது இல்லை. சிஸ்-டைகுளோரோஎத்திலீன் 740 இருந்தது. கால்வாசி மாசு அழிந்துவிட்டது என்று எழுதினேன். அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணே கிடைக்கவில்லை.

மோல் என்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு. 1,000ஐ டிரைகுளோரோஎத்திலீனின் மூலக்கூறு எடையான 131.4ஆல் வகுத்துப் பாருங்கள்: 7.6 மைக்ரோமோல். 740ஐ டைகுளோரோஎத்திலீனின் மூலக்கூறு எடையான 96.9ஆல் வகுத்தாலும் அதே 7.6. ஒரு மூலக்கூறும் காணாமல் போகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு குளோரினை விட்டு ஹைட்ரஜனை ஏற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக்சிஜன் இல்லாத மண்ணில் நுண்ணுயிரிகள் இந்தக் கரைப்பானை எலக்ட்ரான் ஏற்பியாக, அதாவது நாம் மூச்சுக்கு ஆக்சிஜனைப் பயன்படுத்துவதுபோல, பயன்படுத்துகின்றன. குளோரின் குறையக் குறைய அந்த வினை கடினமாகும். அதனால்தான் பல இடங்களில் டைகுளோரோஎத்திலீனோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி எத்திலீன் வரை கொண்டுபோக டீஹாலோகாக்காய்டிஸ் போன்ற வெகு சில நுண்ணுயிரிகளால்தான் முடியும். நடுவில் வருவது வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோய் தருவது. அமெரிக்கக் குடிநீர் வரம்பில் டிரைகுளோரோஎத்திலீனுக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், வினைல் குளோரைடுக்கு 2தான். பாதி வழியில் நின்ற சிதைவு ஆபத்தைக் கூட்டவும் செய்யும் என்பதை விடையில் எழுதுங்கள். சிதைவு கடைசி வரை போனதற்கு அடையாளமான எத்திலீன் அட்டவணையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஐசோமர் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) பெயரையும் அவசரமாகக் கடக்காதீர்கள். சிஸ் வடிவம் மிகுந்திருந்தால் நுண்ணுயிரிகளின் வேலை. 1,1-டைகுளோரோஎத்திலீன் என்றால் 1,1,1-டிரைகுளோரோஈத்தேன் என்ற வேறொரு கரைப்பான் நுண்ணுயிரிகளின் உதவியின்றியே நீரில் சிதைந்து வந்ததாக இருக்கலாம்.

குறுக்குவெட்டுப் படம் கேட்டால் நிதானமாக வரையுங்கள். டிரைகுளோரோஎத்திலீனின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.46 மடங்கு, பிசுக்குமையோ (ஓட்டத்துக்கான தடை) தண்ணீரைவிடக் குறைவு. நீர்மட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிக் களிமண் படுகைமேல் தேங்கும். படுகை சரிந்திருந்தால், நிலத்தடி நீர் எதிர்த்திசையில் ஓடினாலும், கரைப்பான் சரிவோடு போகும். கரைந்த பகுதி களிமண்ணுக்குள் மெல்ல ஊடுருவும். மேலே நீர் சுத்தமான பிறகு அங்கிருந்து பல பத்தாண்டுகள் திரும்பக் கசியும். களிமண்ணுக்குள் போவதற்கும் திரும்பக் கசிவதற்கும் தனித்தனி அம்புக்குறி போடுங்கள்.