நுரைக்கல் மேல் மலைச் சைக்கிள்: நியூபெரி எரிமலையில் ஓட்டிப் பார்த்தது

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பெண்ட் நகரிலிருந்து 97ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே லா பைன் பக்கம் போனால், இடது கைப்பக்கம் நியூபெரி எரிமலை தெரியும். கூம்பு மாதிரி நிமிர்ந்து நிற்காது. பரந்து படுத்துக் கிடக்கும், அதனால் பலர் அதை மலை என்றே கவனிக்காமல் கடந்து போவார்கள். அதன் தலையில் சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முன் உள்வாங்கிய பெரிய பள்ளம், கால்டெரா. பள்ளத்துக்குள் பாலினா ஏரி, ஈஸ்ட் ஏரி என்று இரண்டு ஏரிகள். பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி ஏறக்குறைய 34 கிலோமீட்டருக்கு ஒற்றையடிப் பாதை ஓடுகிறது. சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. இந்தப் பாதையையும், மேற்கிலிருந்து ஏறி வரும் ஓக்டன் பாதையையும் ஒரே கோடையில் மூன்று முறை, இரண்டு விதமான டயர் காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்த்ததன் குறிப்பு இது.

முதலில் தரை, ஏனென்றால் மற்ற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. இங்கே மண் என்று சொல்லும்படி அதிகம் கிடையாது. 7,700 ஆண்டுகளுக்கு முன் தென்மேற்கே மசாமா மலை வெடித்து, இன்றைய கிரேட்டர் ஏரியின் பள்ளம் உண்டானபோது பறந்து வந்த சாம்பல் இந்த வட்டாரம் முழுக்கப் படிந்தது. அதன் மேல், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் நியூபெரியே வெடித்துக் கொட்டிய நுரைக்கல். காற்று கிழக்கே அடித்ததால் அது பெரும்பாலும் கால்டெராவின் கிழக்கில்தான் விழுந்தது. விளிம்பின் கிழக்குப் பக்கத்தில் பாதை ஏன் அவ்வளவு ஆழமாகத் தளர்ந்து கிடக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் வறுத்த ரவை போல இருக்கும், நடுநடுவே பட்டாணி அளவுக் கற்கள். எடையே இருக்காது. ஒரு கல்லை ஏரியில் போட்டால் மிதக்கும். குளிக்கும்போது குதிகால் தேய்க்கிற கல், ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்கிற கல், இரண்டும் இதே இனம். களிமண் கலப்பு இல்லாததால் ஒரு துகள் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளாது. எவ்வளவு மிதித்தாலும் இறுகாது, அரைபட்டுப் பொடியாகத்தான் போகும். வறண்ட ஆற்று மணலில் சைக்கிளை இறக்கியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். ஆனால் மணல் கனமானது, ஓர் இடத்தில் கிடக்கும். நுரைக்கல்லோ சக்கரத்துக்கு அடியில் உருண்டு விலகும்.

முதல் ஓட்டம்: ஓக்டன் ஏற்றம், ஜூலை நடுவில்

ஹட்சன்ஸ் பே கம்பெனிக்காக ரோமத் தோல் தேடி 1826இல் இந்த ஏரிகளுக்கு வந்த பீட்டர் ஸ்கீன் ஓக்டனின் பெயரைத் தாங்கிய பாதை. பாலினா ஓடையை ஒட்டி 13.7 கிலோமீட்டர், சுமார் 600 மீட்டர் ஏற்றம். சைக்கிளில் ஏறத்தான் அனுமதி, இதே வழியாக இறங்கக் கூடாது. நடப்பவர்களும் குதிரைகளும் வரும் ஒடுங்கிய பாதை இது. இறங்குவதற்கு 500ஆம் எண் வனச்சாலை இருக்கிறது. குதிரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நின்று, குரல் கொடுத்துப் பேச வேண்டும். சத்தமில்லாமல் மேட்டில் நிற்கும் உருவத்தைக் கண்டால் குதிரை மிரளும்.

டயர் இரண்டும் 29க்கு 2.4 அங்குலம், ட்யூப்லெஸ், ரிம்மின் உள்ளகலம் 30 மில்லிமீட்டர். ஓட்டுபவர் எடை 70 கிலோ. காற்று முன்னே 24, பின்னே 27 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). கெட்டித் தரையில் சரியாக இருக்கும் அளவு. இங்கே சரிப்படவில்லை. ஓடைக்கரை ஈரப்பதம் உள்ள கீழ்ப்பகுதியில் குறையில்லை. மேலே காய்ந்த பைன் காட்டுக்குள் நுழைந்ததும் பின்சக்கரம் ஒவ்வொரு மிதிக்கும் கால் சுற்று வழுக்கியது. சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் நிலைமை மோசம்: பின்சக்கரத்தின் மேல் எடை குறைகிறது, பெடலின் விசை விட்டு விட்டு இறங்குகிறது, டயர் தனக்கே குழி தோண்டிக்கொள்கிறது. உட்கார்ந்தபடியே சிறிய கியரில் நிமிடத்துக்கு 75 சுற்றுப் போல ஒரே சீராக மிதிப்பதுதான் பலித்தது. முன்னே 30 பல், பின்னே 51 பல் தேவைப்பட்டது.

காற்றழுத்தத்தில் இன்னொரு கணக்கும் தவறிப்போயிருந்தது. டயர் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதைத்தான். உயரம் ஏற ஏற வெளிக்காற்று மெலியும், டயர் இறுகும். கடல்மட்டத்தை ஒட்டிய போர்ட்லாண்டில் வீட்டு வாசலில் 22 வைத்தால், விளிம்பின் உச்சி 2,400 மீட்டரில் அது 25.5க்கு மேல் காட்டும். பாதை தொடங்கும் 1,300 மீட்டரில் வைத்தாலும் உச்சியில் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடியிருக்கும். குளிர் இதைக் கொஞ்சம் ஈடு செய்யும்: வெப்பம் 10 டிகிரி இறங்கினால் ஏறக்குறைய 1.2 குறையும். நல்ல தரையில் இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. நுரைக்கல்லில் மிதப்பதா புதைவதா என்பதையே இது தீர்மானிக்கிறது. ஆகவே கையடக்க அழுத்தமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, மேலே ஏரிக்கரையில் கடைசியாக ஒரு முறை பார்த்துச் சரிசெய்வது நல்லது.

இரண்டாவது: விளிம்புச் சுற்று, ஆகஸ்ட்

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. எங்கள் முடிவு இடஞ்சுழி. பாலினா ஏரியிலிருந்து பாலினா சிகரத்துக்குப் போகும் சாலையில் ஏறி, உச்சிக்கு முன்பே பிரியும் பாதையில் கிழக்கே திரும்புவது. செங்குத்தான ஏற்றத்தை வாகனம் போகும் கெட்டித் தரையில் முடித்துக்கொண்டால், நுரைக்கல்லில் பெரும்பாலும் இறக்கமோ சமதளமோதான் மிஞ்சும். வலஞ்சுழியாகப் போனால் கிழக்குப் பக்கத்துத் தளர்வில் ஏற வேண்டும், அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதே வேலையாகிவிடும். நேரம் இருந்தால் சிகரத்தின் 2,434 மீட்டர் வரை போய்விட்டுத் திரும்பலாம். இரண்டு ஏரிகளும், நடுவில் எரிமலைக் குழம்பு வழிந்து கருங்கண்ணாடியாக உறைந்து நிற்கும் பெரிய ஆப்சிடியன் பாய்ச்சலும் ஒரே பார்வையில் விழும்.

முன் டயரை 2.6க்கு மாற்றி, ஏரிக்கரையில் முன்னே 19, பின்னே 22 வைத்தோம். வித்தியாசம் முதல் கிலோமீட்டரிலேயே தெரிந்தது. டயர் அகலமும் அழுத்தமும்தான் இங்கே வேலை செய்கின்றன. உயரமான பற்கள் உள்ள டயரால் பயனில்லை, பல் கடிக்க அடியில் கெட்டித் தரை வேண்டுமே.

இறக்கத்தில் செய்யும் பெரிய தவறு முன்பிரேக். முன்சக்கரம் நின்ற கணத்தில் அதன் முன்னால் நுரைக்கல் ஒரு சின்னக் கரை போலக் குவியும். சக்கரம் அதில் மாட்டும், ஹேண்டில்பார் மடங்கும். வேகத்தைத் திருப்பத்துக்கு வெகு முன்பே, நேர்க்கோட்டில், இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்துக் குறைத்துவிட்டு, திருப்பத்தில் விட்டுவிட வேண்டும். சைக்கிள் கொஞ்சம் ஆடும், அலையும். ஆடட்டும். கையை இறுக்கினால் அந்த ஆட்டம் பெரிதாகும். எடையைப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் லேசாகித் திசை கேட்காது. நடுவில், பெடல்களின் மேல் நேராக நிற்க வேண்டும். முன் ஃபோர்க் தலை குனியாமல் இருக்க, அது அமுங்குவதைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரெஷனை இரண்டு கிளிக் கூட்டியது உதவியது.

இந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் டயர் கிழிந்தது. ஆப்சிடியன் என்பது எரிமலைக் கண்ணாடி. உடைந்த பாட்டில் துண்டு எப்படி வெட்டுமோ அப்படி வெட்டும். பின் டயரின் பக்கச் சுவரில் 8 மில்லிமீட்டர் கீறல். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவமான சீலண்ட் 120 மில்லி இருந்தும் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது, அவ்வளவு பெரிய கீறலை அது அடைக்காது. பக்கச் சுவர் வளைந்து நிமிர்வதால் கீறலில் செருகும் அடைப்புத் திரியும் நிற்கவில்லை. கடைசியில் டயரைக் கழற்றி, உள்ளே டூத்பேஸ்ட் ட்யூபை வெட்டிய துண்டை வைத்து, சாதாரண ட்யூப் போட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. லேசான மெல்லிய டயரை இந்தப் பாதைக்குக் கொண்டுவருவது லாபமில்லை, வீண். பக்கச் சுவர் தடித்த ரகம் 150 கிராம் கூடினாலும் அதுவே போட வேண்டும்.

தண்ணீர் விஷயம்: விளிம்பில் எங்கும் தண்ணீர் கிடைக்காது. ஆளுக்கு 3 லிட்டர் தேவை. ஆகஸ்ட் மாலைகளில் இடி மின்னல் வரும், விளிம்பில் ஒதுங்க இடமில்லாத மொட்டைப் பகுதிகள் உண்டு. காலை 7 மணிக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் கீழே வந்துவிடலாம்.

மூன்றாவது: செப்டம்பர் கடைசி, மழைக்கு மறுநாள்

அதே டயர், அதே காற்று. தரை மட்டும் வேறு. நுரைக்கல்லின் துளைகளில் நீர் நின்றதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சக்கரம் பதிந்த தடம் பிடித்த கொழுக்கட்டை போல அப்படியே நிற்கிறது. வறண்ட நாளில் இறங்கித் தள்ளிய இடங்களில் மூன்றில் இரண்டை ஓட்டியே கடக்க முடிந்தது. இந்த ஈரம் நிலைக்காது. வெயிலடித்தால் இரண்டே நாளில் மேல்தோல் மறுபடி பொடியாகிவிடும். விடுமுறையை முன்கூட்டி முடிவு செய்யாமல் மழையைப் பார்த்துக் கிளம்ப முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சீசனின் முன்பகுதி அவ்வளவு சரிப்படாது. வடக்குச் சரிவின் நிழலில் பனி ஜூலைத் தொடக்கம்வரைகூடக் கிடக்கும், சாய்ந்த மரங்களும் வெட்டப்படாமல் குறுக்கே இருக்கும்.

வீட்டுக்கு வந்த பின் வேலை பாதி பாக்கி. நுரைக்கல் பொடி உலோகத்தை மெருகேற்றப் பயன்படுகிற உராய்பொருள். ஈர எண்ணெய் போட்ட செயினில் அது சேர்ந்தால் அரைக்கிற விழுதாகிவிடும். மெழுகு பூசிய செயினில் பொடி ஒட்டுவது குறைவு. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் செயினை உலர்ந்த துணியால் துடைத்து, தேய்மான அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். 0.5 சதவீதம் காட்டினால் மாற்றிவிடலாம், தாமதித்தால் பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டும் சேர்ந்து போகும். ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியைத் துடைக்காமல் ஒரு முறைகூட அழுத்தக் கூடாது, பொடி சீலுக்குள் போய்விடும். அதிவேக நீர்ப்பீய்ச்சியும் வேண்டாம், அது பொடியைப் பேரிங்குக்குள் தள்ளும்.

கடைசியாக டயர். நல்ல வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றி, பற்களுக்கு நடுவே கருப்பாக மினுக்கும் சில்லுகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். மூன்றாவது ஓட்டத்துக்குப் பின் இரண்டு டயரிலும் சேர்த்து ஏழு கிடைத்தன. ஒன்று அரிசி மணியில் பாதிகூட இல்லை, ஆனால் ரப்பருக்குள் ஏற்கெனவே பாதி ஆழம் இறங்கியிருந்தது.