பாதி பானெட் பளபளத்த ஞாயிற்றுக்கிழமை

கறுப்பு நிறக் கார் வேண்டாம் என்று தடுத்தவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் காரணம் காட்டினார்களே தவிர, தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றையும் மணலையும் பற்றியோ, படிந்த அந்த மணலோடு சேர்த்தே காரைப் பழைய பனியனால் தேய்த்துத் துடைக்கும் நம்மூர் வழக்கத்தைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. விளைவாக, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசலில் நிற்கும் காரின் மீது வெயில் சாய்ந்தால், சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும்.

இதை ஒழித்துக் கட்டுவதென்று, புதுச்சேரியிலிருந்து என் மைத்துனர் புதிதாக வாங்கிய இரண்டு பாலிஷ் இயந்திரங்கள், கீறலைத் தேய்த்தெடுக்கும் பசையான காம்பவுண்டு சில புட்டிகள், என் மாமனார் மாமியார் ஆகிய அனைத்தையும் அனைவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கினார். சூடான தகட்டில் காம்பவுண்டு உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் நிழல் தேவைப்பட்டது. வாசலில் இருந்த வேப்பமரம் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் சாய்ந்தது முதல் எங்கள் வீட்டில் நிழல் என்றால் தார்ப்பாய்தான். அதைக் கட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை காபி வந்துவிட்டது.

இயந்திரங்களில் ஒன்று ரோட்டரி. அதன் பேட், அதாவது தேய்க்கும் வட்ட மெத்தை, ஒரே அச்சில் சுழல்வதால் பூச்சை வேகமாக வெட்டும், அதே வேகத்தில் பெயிண்டையும் சூடாக்கும். மற்றது டூயல் ஆக்‌ஷன். அதன் பேட் சுழல்வதோடு சற்று விலகிய சிறு வட்டத்திலும் ஆடும், அளவுக்கு மீறி அழுத்தினால் சுழற்சி நின்று வெறுமனே நடுங்கும். சுழல்கிறதா நடுங்குகிறதா என்று தெரிவதற்காக, பேட் ஒட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டோம். கிளியர் கோட் எனப்படும் மேல்பூச்சு பெரும்பாலான கார்களில் 40 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், அதாவது தலைமுடியைக் காட்டிலும் மெல்லியது என்று நான் எச்சரித்தபோது, மாமனார் தம் தலையைத் தடவிக்கொண்டு, “அப்ப ஒருதடவ போனா திரும்ப வராதுன்னு சொல்றீங்க மாப்பிள்ளை” என்றார். அனுபவம் பேசியது.

காரைக் கழுவி, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கிளே பாரால் தேய்த்து, ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டியது வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு மைத்துனர் ரோட்டரியில் கம்பளி பேடை மாட்டி, காம்பவுண்டைத் தாராளமாகப் பிழிந்து, அதைப் பானெட்டின் மீது வைக்காமல் கையில் தூக்கிப் பிடித்தபடியே விசையை அழுத்தினார். காம்பவுண்டு பானெட்டைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. சுவர், கோலம், தார்ப்பாய் ஆகியவற்றைத் துடைத்துவிட்டோம். மாமனாரின் சலவை வேட்டியைப் பற்றி மாமியார் பேசியதை இங்கே எழுத முடியாது.

பானெட்டை நடுவில் டேப் ஒட்டிப் பிரித்து, இடப்பக்கம் ரோட்டரியும் கரடான காம்பவுண்டும், வலப்பக்கம் டூயல் ஆக்‌ஷனும் ஃபோம் பேடும் நயமான காம்பவுண்டும் என்று வைத்துக்கொண்டோம். துடைத்தவுடன் இடப்பக்கம் அப்படி மின்னியது. பால் ஊற்ற வந்தவர் சைக்கிளை நிறுத்தி, “இந்தப் பக்கம்தான் சார் கண்ணாடி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்து நம்மை ஏய்க்கும். அந்த எண்ணெய் போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்து, கைபேசியின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, இடப்பக்கம் பழைய கீறல்கள் போயிருந்தாலும் ஹோலோகிராம் என்று சொல்லப்படும் வரிகள், விளக்கு நகர்ந்த திசையெல்லாம் கூடவே நகர்ந்தன. வலப்பக்கம் அந்த வம்பே இல்லை. நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல்கள் மட்டும் அப்படியே இருந்தன, அவற்றைத் தேய்த்து எடுக்க முயன்றால் கிளியர் கோட்டுக்கே ஆபத்து. பழகாத கைக்கு டூயல் ஆக்‌ஷன்தான் என்பது என் முடிவு. மைத்துனரும் ஒப்புக்கொண்டார், வேட்டியைப் பார்த்தபடியே.

வரிகளையும் அதே இயந்திரத்தால் போக்கிய பிறகுதான் புதிய தொல்லை தொடங்கியது. பானெட் பளபளத்ததும் பக்கத்துக் கதவுகள் கிழடு தட்டிப் போயின. கதவுகளைத் தேய்த்ததும் டிக்கி பல்லிளித்தது. மாலை வரை இயந்திரம் ஓயவில்லை.

ஓய்ந்த நேரத்தில் என் மனைவி பூஜை அறையிலிருந்த பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து நீட்ட, மைத்துனர் மீதமிருந்த காம்பவுண்டைத் துணியில் தொட்டுத் தேய்த்து, விளக்கு மின்னுவதைப் பெருமையோடு தூக்கிக் காட்டினார். மாமியார் அதை வாங்கி, இடுக்குகளில் எல்லாம் அப்பியிருந்த வெள்ளைப் பொடியை விரலால் வழித்துப் பார்த்தார். “இதுக்குப் புளியே தேவலை. போய்ப் பழைய பிரஷ்ஷை எடுத்து வந்து சுரண்டு” என்றார்.