பல்ப் மினுங்கினால் குறை

எங்கள் கடைக்குத் திருத்த வரும் ஸ்பீக்கர் பொக்ஸ்களில் கோன் (பெரிய ஸ்பீக்கரின் கூம்பு) கிழிந்து வருவது குறைவு. ட்வீட்டர், அதாவது மேல் சுருதிகளுக்கான சின்ன ஸ்பீக்கர், எரிந்து வருவதுதான் அதிகம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு முல்லைத்தீவுப் பக்கத்துப் பெட்டிகள் வரிசையாக வரும். கொண்டு வருகிறவர்கள் அம்பைப் (அம்பிளிஃபயர்) பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அம்ப் பவர் கூடிப் போச்சு அண்ணை."

கழற்றிப் பார்த்தால் சுருள் கறுத்திருக்கும், வார்னிஷ் வெந்த மணம் வரும். ஆனால் அம்ப் எத்தனை வாட்ஸ் என்று கேட்டால் சின்ன அம்பாகத்தான் இருக்கும். சனம் கூடியதும் யாரோ ஒருவர் "தம்பி, சத்தம் காணாது" என்றிருப்பார். அம்ப் பக்கத்தில் நிற்பவரும் வால்யூமைத் திருகியிருப்பார். அம்ப் தரக்கூடிய வோல்டேஜ் முடிந்ததும் அலையின் தலை வெட்டுப்படும். அதுதான் கிளிப்பிங். பாட்டில் இல்லாத மேல் அதிர்வெண்கள் அப்போது புதிதாகப் பிறக்கும், அதிர்வெண்களைப் பிரித்து அனுப்பும் குரொஸ்ஓவர் அவற்றை நேரே ட்வீட்டருக்கு விடும். பேஸ் அடி உச்சத்தில் முட்டி நிற்க, மேல் சுருதிகள் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ட்வீட்டர் சுருளின் தலைமயிர் போன்ற கம்பி எவ்வளவு நேரம் தாங்கும்? ஜெனரேற்றரில் ஓடும்போது 230 வோல்ட் சரிந்தால், பழைய ட்ரான்ஸ்போமர் அம்ப் இன்னும் முந்தி வெட்டத் தொடங்கும்.

மலிவான பெட்டிகளில் ட்வீட்டருக்கு ஒரேயொரு கபாசிற்றர்தான் காவல். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபரட் என்றால் எல்லை சுமார் 4,200 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே ஒக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவைக்கும்) 6 டெசிபல்தான் குறையும். 3.3 போட்டால் எல்லை 6,000க்கு ஏறும், ட்வீட்டருக்குக் கொஞ்சம் மூச்சு. ஒரு கம்பிச் சுருளும் (கொயில்) சேர்த்து 12 டெசிபல் ஆக்குவது இன்னும் நல்லது.

எனக்குப் பிடித்தது பழைய வித்தை: ட்வீட்டரோடு தொடராக ஒரு 12 வோல்ட் வாகன பல்ப். இழை குளிர்ந்திருக்கும்வரை ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, ஒலியில் வித்தியாசம் தெரியாது. கரண்ட் கூடினால் இழை சூடாகி அதுவே தடுக்கும். பின்பக்கத்தில் சின்ன ஓட்டை போட்டு பல்ப் தெரிய வைப்பேன். அது மினுங்கினால் குறைக்க வேண்டியதுதான். மைக் கீச்சிடும்போது மட்டும் இதை முழுதாக நம்ப முடியாது. கை வால்யூமிலேயே இருக்க வேண்டும்.

சத்தம் உண்மையிலேயே போதாவிட்டால், கூட்டத்தின் நடுவில் இன்னும் இரண்டு பொக்ஸை வேறு அம்பில் வைக்கலாம். 3 டெசிபல் கூட்டவே இரட்டிப்புப் பவர் வேண்டும், ஆனால் தூரம் பாதியானால் திறந்த வெளியில் ஏறக்குறைய 6 டெசிபல் சும்மா கிடைக்கும். வாடகை கூடுமே என்று கோயில் நிர்வாகம் இழுக்கும். அதை வயர் இழுக்க முதலே பேசி முடித்துவிடுங்கள்.